அடுத்த பந்தி

போன மாதம் எங்கள் ஓடுதளத்துக்குப் பறக்க வந்திருந்த ஒரு தெலுங்குக்காரத் தம்பி, புதிதாக வந்த இன்னொருவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குனிந்து விமானத்தின் சக்கரத்துக்கு அடை வைத்த கட்டையை எடுத்துக்கொண்டிருந்தேன். இறங்க வந்த விமானம் இறங்காமல் மறுபடி மேலே ஏறிப் போனால், இங்கே அதை ‘அடுத்த பந்தி’ என்கிறார்களே, ஏன் என்பது புதியவரின் கேள்வி.

"எங்க பாஷையில பந்தின்னா பன்னிங்க. முந்தி ஒரு நாள் ரன்வேல பன்னி வந்துருச்சாம். ஃப்ளைட்டை மேல தூக்கிட்டாங்களாம். சுத்திட்டுத் திரும்ப வந்தா அங்க இன்னொரு பன்னியாம். அதான், அடுத்த பந்தி!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கட்டை கையிலிருந்து நழுவிவிட்டது.

நான் எதிர்த்துப் பேசிப் பழகியவள் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் தவறான ஊருக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தால், அந்த ஊரிலேயே இறங்கி நடந்து வருகிற ஆள். அன்றும் வாயை மூடிக்கொண்டு கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் மனசு கேட்காமல், முன்பு எங்கள் கவுண்டரில் இருந்த அக்காவுக்கு போன் போட்டேன்; அந்த வார்த்தையைப் பெற்றவரே அவர்தான். அக்கா இப்போது மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"பன்னியா! அடப் பாவிகளா. ஏ ஆத்தா, நீ அதை எழுதி வையி. தட்டிப் பாக்காம எவனும் எடுத்துட்டுப் போக விடாத."

"நான் எழுதினா யாருக்கா படிப்பா? ஒம்பதாவதோட நின்னவ நான்."

"நின்னது பள்ளிக்கூடத்துலதான? வாயி நிக்கலைல்ல. எழுது. ஆனா எம்பேரைப் போட்டுறாத. பாத்திரத்துல பேரு வெட்டிக்கிட்டா மட்டும் போதும் எனக்கு."

அதனால் இதில் அக்காவின் பெயர் இருக்காது. தப்பாக எதையாவது எழுதிவிடுவேனோ என்ற பயம் மட்டும் முதல் வரியிலிருந்து இருக்கிறது.

அரிமளத்துக்குத் தெற்கே செம்மண் பொட்டலில் கிடக்கிறது எங்கள் ஓடுதளம். எந்தக் காலத்திலோ போட்டது. ஒரு கம்பெனி அதைக் குத்தகைக்கு எடுத்து, சின்ன விமானம் இரண்டைக் கொண்டுவந்து நிறுத்தி, மணி வாடகைக்கு விடுகிறது. சைக்கிள் கடை மாதிரிதான். லைசென்ஸ் வாங்கியும் வேலை கிடைக்காதவர்கள், இன்னும் இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று இருப்பவர்கள், எங்கெங்கிருந்தோ வந்து எடுத்து ஓட்டுவார்கள். அங்கே என் வேலை, காலையும் மாலையும் ஓடுதளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து கல், கம்பி, ஆணி பொறுக்குவது. மற்ற நேரம் தென்கோடி வேப்ப மரத்தடியில் நின்று ஆடு, மயில், நாய் எதையும் உள்ளே விடாமல் பார்ப்பது. இப்படி ஒரு வேலை என்னை மாதிரிக் கவலைக்காரிக்கென்றே படைத்தது. நடந்து முடித்ததும் ஒரு கல்லை விட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வரும். மறுபடி நடப்பேன்.

அக்கா வேலைக்கு வந்த நாளில் நான் கவுண்டருக்கு வெளியே தண்ணீர்க் குடம் இறக்கிக்கொண்டிருந்தேன். கவுண்டரில் உட்கார, வாடகைத் தொழிலில் அனுபவமுள்ள ஆள் தேவை என்று மானேஜர் எழுதி ஒட்டியிருந்தார். அவர் மனசில் இருந்தது கார் கம்பெனி ஆள். வந்து நின்றது, இருபது வருஷம் வாடகைப் பாத்திரக் கடை நடத்திய அக்கா.

"என்ன வாடகைக்கு விட்டீங்க?"

"அண்டா, தேக்சா, சாதக் கரண்டி, ஜமக்காளம். எழுநூறு பேரு சாப்புடுற அளவுக்கு இருந்துச்சுங்க. இப்ப மண்டபத்துலேயே எல்லாம் குடுத்துர்றாங்க. அதான் கடையை எடுத்துட்டேன்."

"அக்கா, இது ஏரோப்ளேன்."

"இருக்கட்டுங்க. குடுக்கையில முழுசாக் குடுக்கணும், வாங்கையில முழுசா வாங்கணும். பெறகென்ன?"

மானேஜர் நாற்காலியைக் காட்டினார். அக்கா அன்றே உட்கார்ந்துவிட்டார்.

அக்காவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார். கடைக்காலத்துப் பழக்கம். திரும்பி வந்த ஒவ்வொரு அண்டாவையும் நடுவிரல் முட்டியால் தட்டுவாராம். கணீரென்றால் உள்ளே போகும். பொத்தென்றால் எங்கோ நசுங்கின சொட்டை, எங்கோ விரிசல். இங்கே வந்தும் அந்த விரல் சும்மா இருக்கவில்லை. இறங்கி வந்து நிற்கிற விமானத்தைச் சுற்றி வந்து மூக்கில் ஒரு தட்டு, இறக்கையில் ஒரு தட்டு, வாலில் ஒரு தட்டு. பறக்க வந்தவர்கள் முதலில் கேலி செய்தார்கள். ஒரு நாள் எஞ்சின் மூடியைத் தட்டிவிட்டு, "இது நேத்துப் பேசின மாதிரி பேசலயே" என்றார். மெக்கானிக் முனகிக்கொண்டே திறந்தார். உள்ளே ஒரு பிடிப்பு கழன்று தொங்கியது. அதற்கப்புறம் அக்கா தட்டிக் கேட்டுத் தலையாட்டும் வரைக்கும் யாரும் இடத்தை விட்டு நகர்வதில்லை.

வார்த்தைகளையும் அப்படித்தான். ஒரு வார்த்தையை வாங்கிக்கொள்வதற்கு முன்னால் தட்டுவார். அது எங்கே பிறந்தது, ஏன் அந்தப் பெயர் என்று கேட்பார். சத்தம் சரியில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்வார்.

முதலில் மாட்டியது ‘வெட்’டும் ‘டிரை’யும். மானேஜர் பாடம் எடுத்தார். அக்கா குறுக்கிட்டார்.

"வெட்டுன்னா ஈரம்தானங்க? ஏரோப்ளேனை நனைச்சா குடுக்குறோம்?"

"இல்லக்கா. பெட்ரோலோட சேத்து வாடகைக்குக் குடுத்தா வெட். பெட்ரோல் அவங்களே போட்டுக்கிட்டா டிரை."

"அட, அதானா? சோத்தோட அண்டா, வெறும் அண்டா. அப்டிச் சொல்லுங்க, வெளங்கும்."

மறு வாரமே போனில் கேட்டது: "வணக்கங்க. எப்பிடி வேணும், சோத்தோடயா, வெறும் அண்டாவா?" அந்தப் பக்கம் யாரோ மூன்று தடவை ‘ஹலோ’ என்றது என் காதிலேயே விழுந்தது. ஆனால் இரண்டு மாதத்தில், ஹைதராபாத்திலிருந்தும் ஜெய்ப்பூரிலிருந்தும் வந்தவர்கள்கூட வாசலில் பையை இறக்கி வைக்கும்போதே, "அக்கா, சோத்தோட!" என்று கத்திக்கொண்டு வந்தார்கள்.

விமானத்தின் உள்ளே இரண்டு பேர் உட்காரும் இடத்துக்கு ஏன் காக்பிட் என்று பெயர் என்று ஒரு நாள் கேப்டனைப் பிடித்துக்கொண்டார். கேப்டன்தான் எங்கள் பயிற்சியாளர். நல்ல மனுஷன், கேள்வி கேட்டால் மட்டும் வியர்க்கும். "சேவச் சண்டை விடுற குழிக்கு அந்தப் பேருன்னு சொல்வாங்கம்மா. ஏன் ஏரோப்ளேனுக்கு வந்துச்சுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றார்.

"ஏன்னு எனக்குத் தெரியுதே. ரெண்டு பேரு ஒட்டி ஒட்டி உக்காந்துக்கிட்டு, மேல போயிக் கொத்திக்கிறீங்கள்ல, அதான். போன வாரம் அந்த ஜெய்ப்பூர் தம்பியை நீங்க கத்தினது இங்கிட்டுக் கவுண்டர் வரைக்கும் கேட்டுச்சு." இந்த வார்த்தை மட்டும் கணீரென்று இருக்கிறது என்று வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து "சேவக்கட்டுல யாரு இருக்கா?" என்றால், எந்த விமானத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரே ஒரு இடத்தில்தான் அக்கா கோபப்பட்டு நான் பார்த்தேன். பறப்பதற்கு முன்னால் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இடப்பக்கக் கதவில் ஆரம்பித்து, வாலுக்குப் போய், வலது இறக்கை, மூக்கு என்று வருவார்கள். அக்கா பதறிப்போய் ஓடிவந்தார்.

"கேப்டன் சார், நில்லுங்க. கோயில்ல ஆராவது இப்டிச் சுத்துவாங்களா? அப்பிரதட்சணமால்ல போறீங்க!"

"புக்ல இந்த வரிசைலதாம்மா போட்டிருக்கு. மாத்தக் கூடாது. மாத்தினா ஏதாவது விட்டுப் போயிரும்."

 மாற்றினால் விட்டுப் போகும் என்ற காரணம் அக்காவுக்குப் பிடித்துவிட்டது. பாத்திரம் எண்ணுகிறவருக்குப் பிடிக்காதா?

"சரி, புத்தகத்தை மாத்த வேணாம். ஆனா இதை வலம் வர்றதுன்னு மட்டும் சொல்லிறாதீங்க. இது இடம் வர்றது."

அதுவும் நிலைத்துவிட்டது. "இடம் வந்தாச்சா?" என்று கேட்டால், ஒடிசாவிலிருந்து வந்தவர்கூட "வந்தாச்சுக்கா" என்பார்.

இப்படித்தான் எங்கள் பொட்டலில் ஒரு பேச்சு முளைத்தது. ஓடுதளம் என்றால் எலை. ஓடுதளம் காலியாக இருந்தால், எலை எடுத்தாச்சு. தரையை ஒரு தொடு தொட்டுவிட்டு நிற்காமல் மறுபடி கிளம்பினால், கை நனைக்கிறது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் அவசரமாக இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடுவோமே, அது. ‘அடுத்த பந்தி’ பிறந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு விமானம் ஓடுதளத்தை விட்டு இன்னும் வெளியேறவில்லை. பின்னால் ஒன்று இறங்க வந்தது. தரையைத் தொடப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திடீரென்று உறுமல். கண்ணைத் திறந்தால் அது மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஏன்க்கா எறங்கல? என்ன ஆச்சு? எஞ்சின் போயிருச்சா?"

"ஏ ஆத்தா, ஏன் இப்டி நடுங்குற? முந்தின பந்தி எலையே எடுக்கல. எங்கிட்டு உக்காருவான்? அடுத்த பந்திக்கு வர்றேன்னு போறான். இதுல என்ன பயம்?"

அந்த ஒரு வார்த்தையில் என் பயம் பாதி போனது. விமானம் இறங்காமல் போவது விபத்து இல்லை, மரியாதை என்று எனக்குப் புரியவைத்தது அதுதான். மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்தால் அக்கா சொல்வார்: "ஒன்னோட பயம் மட்டும் வாடகைக்குக் கெடைச்சுச்சுன்னா, நாலு வாங்கி நாலு மூலைக்கும் வச்சுருவேன்."

இந்தப் பேச்சை எல்லோரையும்விட வேகமாகப் பிடித்துக்கொண்டது ஒரு பஞ்சாப் பொண்ணு. தமிழில் வேறு எதுவும் தெரியாது. தாகம் என்றால் தண்ணீர் கேட்கத் தெரியாது. ஆனால் எலை, பந்தி, சோறு, சொட்டை எல்லாம் அத்துப்படி. "இந்தப் புள்ளை ஒரு கல்யாண வீட்டுல மட்டும் பொழைச்சுக்கிரும்" என்று அக்கா சொல்வார்.

அப்போதுதான் அந்தப் பெரிய பார்ட்டி வருகிற செய்தி வந்தது. வடக்கே பெரிய பயிற்சிப் பள்ளி வைத்திருப்பவர்கள். பிடித்திருந்தால் எங்கள் இரண்டு விமானத்தையும் முழு வருஷத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வந்தால் ஓடுதளம் நிற்கும், இல்லையென்றால் கம்பெனி மூட்டை கட்டும் என்று மானேஜரே வாய்விட்டுச் சொன்னார். சொன்ன கையோடு, சுவரில் ஒரு தாள் ஒட்டினார். இனி இங்கே இங்கிலீஷ் மட்டும். சோறு, அண்டா, பந்தி எதுவும் யார் வாயிலும் வரக் கூடாது.

பிறகு அக்காவிடம் வந்தார். தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு ஒரு நாள் பின்னாடி ஸ்டோர் ரூம்ல இருங்க. கவுண்டருக்குத் திருச்சிலேருந்து இங்கிலீஷ் பேசுற பொண்ணை வரச் சொல்லியிருக்கேன். நல்லபடியா முடிஞ்சுச்சுன்னா அந்தப் பொண்ணையே..." முடிக்கவில்லை.

"சரிங்க" என்றார் அக்கா. அவ்வளவுதான். எதையும் தட்டிப் பார்க்கிறவர், அதைத் தட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று விமானத்தின் மூக்கைக்கூடத் தொடாமல் வீட்டுக்குப் போனார்.

எனக்கும் ஒரு கட்டளை இருந்தது. தென்கோடியில் நிற்கிற எனக்குக் கேப்டன் ஒரு சின்ன ரேடியோ கொடுத்து வைத்திருந்தார். உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும். பொத்தானை அமுக்கி ‘கோ அரவுண்ட்’ என்று இரண்டு தரம் சொன்னால் இறங்குகிற விமானம் மேலே போய்விடும். நான் அதுவரை அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. மானேஜர் கைகூப்பிச் சொன்னார்: "நீங்க மட்டும் பதட்டத்துல வேற எதையாவது உளறிறாதீங்க." மூன்று நாள் மனப்பாடம் செய்தேன். பாத்திரம் துலக்கும்போது, பஸ்ஸில், கல் பொறுக்கும்போது. கோ அரவுண்ட், கோ அரவுண்ட். என் வாயில் அது ஒட்டவே இல்லை.

அந்த நாளும் வந்தது. மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களில் தலைவர், வெள்ளை மீசைப் பெரியவர். விமானத்தில் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். பஞ்சாப் பொண்ணு ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார். மானேஜரும் கேப்டனும் மற்ற இரண்டு பேருக்கு அங்கிட்டு நிற்கும் இன்னொரு விமானத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கவுண்டரில் திருச்சிப் பொண்ணு. பின்னறையில் பழைய டயர்களுக்கு நடுவே அக்கா. நான் என் வேப்ப மரத்தடியில், விடிந்ததிலிருந்து ஆறாவது தடவையாக ஓடுதளத்தைப் பார்த்துக்கொண்டு.

விமானம் சுற்றிவிட்டு இறங்க வந்தது. நேராக, அழகாக, தாழ வந்துகொண்டிருந்தது. அப்போது கருவேலங்காட்டுப் பக்கம் மணிச் சத்தம் கேட்டது. திரும்பினேன். ஜல்லிக்கட்டுக் காளை ஒன்று, பழக்கக் கூட்டிப்போனவரின் கையிலிருந்து கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, கொம்பை ஆட்டிக்கொண்டே வேலியைத் தாண்டி ஓடுதளத்தின் நட்டநடுவில் போய் நின்றது. நின்றதோடு இல்லை. இறங்கி வரும் விமானத்தைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறியது.

பொத்தானை அமுக்கிவிட்டேன். வாயைத் திறந்தேன். மூன்று நாள் மனப்பாடம் காற்றில் போயிருந்தது. கோ... கோ... அவ்வளவுதான் வந்தது. விமானத்தின் சக்கரம் எனக்குத் தெரிகிறது. உள்ளே இருக்கிற பொண்ணின் முகம்கூடத் தெரிகிற மாதிரி இருக்கிறது. என் தொண்டை என்னைக் கேட்காமல் தானாகக் கத்தியது.

"அடுத்த பந்தி! அடுத்த பந்தி! எலையில மாடு!"

ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை. விமானம் உறுமியது. மூக்கைத் தூக்கியது. அதன் நிழல் காளையின் முதுகில் ஏறி, என் மேல் ஏறி, வேப்ப மரத்தைத் தாண்டிப் போனது. காளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றது.

நான் உட்கார்ந்துவிட்டேன். உயிர் பிழைத்ததே என்று சந்தோஷப்பட எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன், அக்காவின் வேலை என்னால் போனது என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

கையிலிருந்த ரேடியோ பேசியது. திருச்சிப் பொண்ணின் குரல் இல்லை.

"ஏ ஆத்தா, எலையில என்ன நெலவரம்?"

அக்கா! கவுண்டர் ரேடியோவில் வந்த என் கத்தல் ஸ்டோர் ரூம் சுவரைத் தாண்டிக் கேட்டிருக்கிறது. வந்து பார்த்தால், பாவம், அந்தப் பொண்ணு என்ன சொல்வதென்று தெரியாமல் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்ததாம். "கொஞ்சம் நவுந்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு அக்கா மைக்கை வாங்கிக்கொண்டார்.

காளைக்காரர் இரண்டு ஆட்களோடு மூச்சிரைக்க ஓடிவந்து கயிற்றைப் பிடித்திருந்தார். "எறக்கை வச்சதைப் பாத்து மிரளாம நின்னுச்சு பாத்தீங்களா? இந்த வருசம் இதை ஒருத்தனும் தொட முடியாது!" என்று அவருக்கு ஒரே பெருமை.

"மாட்டைப் புடிச்சுட்டாங்கக்கா. வெளிய போயிருச்சு. எலை எடுத்தாச்சு" என்றேன்.

"நல்லாத் தொடச்சியா?"

அப்போதுதான் பார்த்தேன். காளை நின்ற இடத்தில் ஒரு கூடைச் சாணி. ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ளி ஓரத்தில் எறிந்தேன். முந்தானையால் தரையைத் துடைத்தேன். திரும்ப ஓடிவந்து பொத்தானை அமுக்கினேன்.

"தொடச்சாச்சுக்கா!"

அடுத்து அக்கா பேசியது எனக்கு இல்லை, ஆகாயத்துக்கு.

"பந்தி ரெடியாயிருச்சு. வாங்க சாப்புடலாம்."

மேலேயிருந்து பஞ்சாப் பொண்ணின் குரல் வந்தது: "வரேன் அக்கா!"

விமானம் இறங்கி உருண்டு வந்து நின்றது. எல்லோரும் ஓடினார்கள். நானும் கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன்.  பெரியவர் இறங்கினார். இங்கிலீஷில் முதல் கேள்வி கேட்டார். கேப்டன் எனக்குப் பிறகு சொன்னது இது: ‘மேலே தூக்கு’ என்று ரேடியோவில் யாரும் சொல்லவில்லை, என்னவோ வேறு சொன்னார்கள்; இந்தப் பொண்ணு ஏன் உடனே தூக்கினாள்?

 பஞ்சாப் பொண்ணு அக்காவைக் கை காட்டினாள்.

அக்கா அவசரப்படவில்லை. எல்லோரையும் தாண்டிப் போய், மூன்று நாளாகத் தொடாத விமானத்தின் மூக்கில் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்டார். "முழுசா வந்துருக்கு" என்றார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினார். அக்கா பேசப் பேச, கேப்டன் இங்கிலீஷில் சொன்னார்.

"சார், நீங்க சாப்புட உக்காரப் போறீங்க. எதுத்தாப்புல எச்சி எலை. எடுக்கல. அதுல உக்காருவீங்களா?"

மாட்டேன் என்று தலையாட்டினார்.

"குறுக்க நின்னுக்கிட்டுக் காத்திருப்பீங்களா? பந்தியில நடுவுல நிக்க எடம் ஏது? பரிமாறுறவன் இடிப்பான். அதனால வெளிய போயி ஒரு சுத்துச் சுத்திட்டு, எலை எடுத்த பெறகு வருவீங்க. கோவிச்சுக்கிட்டுப் போகல. பயந்துக்கிட்டும் போகல. திரும்ப வந்து நிம்மதியா உக்காரப் போறீங்க. அதான் சார் அடுத்த பந்தி."

பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். பஞ்சாப் பொண்ணு என்னவோ சொன்னாள். கேப்டன் சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தார்: "மத்த வார்த்தைன்னா யோசிச்சு அர்த்தம் பண்ணுவேன். இது கேட்டதுமே கை தானா மேல போயிருச்சுங்குறா."

பெரியவர் ஓடுதளத்தைப் பார்த்தார். சாணிக் கையோடு நின்ற என்னைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் வாசிக்க ஓர் எட்டு எடுத்து வைப்பதற்குள், மானேஜர் போய் அதைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். அந்த மனுஷன் அவ்வளவு வேகமாக நடந்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கண்ணாடி வழியாக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு விமானமும், முழு வருஷமும் என்று பெரியவர் சொன்னதும் மானேஜர் எழுந்தே விட்டார். தடுமாறிக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்: வெட்டா, டிரையா சார்?

பெரியவர் கதவோரம் நின்ற அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பஞ்சாப் பொண்ணு அவர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் வாயை இரண்டு தடவை அசைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுத்துக்கூட்டி, சத்தமாக, அந்தக் கட்டிடமே கேட்கச் சொன்னார்:

"சோ... த்தோ... ட!"

மெக்கானிக் விசிலடித்தார். கேப்டன் மேஜையைத் தட்டினார். திருச்சிப் பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. மானேஜர் அக்காவிடம் வந்து, "கவுண்டருக்கு வாங்கக்கா" என்றார்.

"இருங்க. டயரைப் பாதி தொடச்சு வச்சிருக்கேன். மீதியையும் முடிச்சுட்டு வர்றேன்."

திருச்சிப் பொண்ணும் போகவில்லை. அக்கா பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டார்கள். ஒரு மாதத்தில் அதுவும் "இடம் வந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெரியவரின் பள்ளிப் பிள்ளைகள் வருஷா வருஷம் வந்து போய், இந்தப் பேச்சை எந்தெந்த ஊருக்கோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போகிற வழியில் அதில் ஒரு பன்றியும் ஏறிக்கொண்டிருக்கிறது.

நேற்று அந்தத் தெலுங்குக்காரத் தம்பியைக் கூப்பிட்டு, வேப்ப மரத்தடியில் உட்கார வைத்து, முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை. "பன்னி இல்லைங்க தம்பி. சாப்பாட்டுப் பந்தி. பெறகு வந்ததும் மாடு" என்றேன். அவர் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டார்: "அன்னைக்கு அவங்க எல்லாருக்கும் பதில் சொன்னாங்க. உங்களுக்கு எதுவும் சொல்லலையா?"

சொன்னார். அதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

பெரியவர்கள் கார் ஏறிப் போன பிறகு, நான் என் மரத்தடிக்கு வந்து உட்கார்ந்திருந்தேன்.  ஒரு நொடி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒன்று மாற்றி ஒன்றாக மனசு ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. அக்கா அவ்வளவு தூரமும் வெயிலில் நடந்து வந்தார். பக்கத்தில் உட்காரவில்லை. என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடமாக இல்லை, வலமாக. பிறகு குனிந்து, நடுவிரல் முட்டியால் என் உச்சந்தலையில் ஒரு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"கணீர்னு இருக்கு" என்றார். "ஒரு சொட்டை இல்ல."